முந்தியவர் உரிமை

மத்யன் நகரத்துக் கிணற்றடியில் நபி மூஸா (அலை) அவர்கள் கண்ட காட்சியை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். மேய்ப்போர் திரண்டு நின்று தம் மந்தைகளுக்கு நீர் புகட்டுகின்றனர். இரு பெண்கள் தம் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கின்றனர். தந்தையோ தள்ளாத முதியவர். மேய்ப்போர் அகலும் வரை அப்பெண்களுக்கு நீர் இல்லை. நாடு துறந்து வந்திருந்த மூஸா (அலை) அவர்கள் காரணம் கேட்டார்கள். கேட்டதும் அவர்களுக்காக நீர் புகட்டிவிட்டு நிழலுக்குத் திரும்பினார்கள். கூலி பேசவில்லை. சூரா அல்கஸஸ் கூறும் இந்நிகழ்ச்சியை மேடையில் கேட்டு உருகும் நாம், அயல்நாட்டுத் தூதரகத்தின் வாயிலில் விடியுமுன் போய் நின்றதும் மேய்ப்போர் பக்கம் சேர்ந்து விடுகிறோமே, இது என்ன நியாயம்?

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், உறவினர் ஒருவருக்குத் துணையாகச் சென்னையில் ஒரு நாட்டின் துணைத் தூதரகத்திற்குச் சென்றிருந்தேன். விண்ணப்பத்தை நேரில்தான் கொடுக்க வேண்டும். ஒரு நாளில் இத்தனை பேரைத்தான் ஏற்பார்கள். நள்ளிரவிலேயே நடைபாதையில் வரிசை தொடங்கிவிட்டது. கைக்குழந்தையுடன் ஒரு சகோதரி ஏழாவதாக அமர்ந்திருந்தார். பஜ்ருடைய நேரம் நெருங்கியபோது, முன்னால் போர்வை போர்த்திப் படுத்திருந்தவர்கள் எழுந்தனர். அவர்களுக்கு எந்த நாட்டுக்கும் போகும் தேவையில்லை. இடத்தைப் பிடித்து வைத்து விற்பதே அவர்கள் தொழில். ஒருவர் எழுந்த இடத்தில் மூவர் நுழைந்தனர். அம்மூவரில் என் உறவினரும் ஒருவர். ஏழாவதாக இருந்த சகோதரி, வாயில் திறக்கும்போது பத்தொன்பதாவதாக நின்றார். அன்றைய கணக்கு அவருக்கு முன்பே முடிந்துவிட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் திரும்பிச் சென்றதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. கிதாபு ஓதியவனுடைய மௌனம் அது. அதற்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை.

“விற்பவன் மனம் ஒப்பி விற்றான், நான் வாங்கினேன். இதில் யாருக்கு நட்டம்?” என்று கேட்போர் உண்டு. விற்றவனுடைய சம்மதம் கிடைத்தது, மெய்தான். அவனுக்குப் பின்னால் இரவெல்லாம் விழித்திருந்தவர்களின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? அவனுக்கு உரிமையே இல்லாத ஒன்றை அவன் விற்றான் என்பதை எப்படி மறைப்பது?

ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ ஷாபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்று. வழக்காளிகள் காழியின் முன் நெருக்கியடித்து வந்தால் என்ன செய்வது என்று அதில் சட்டம் வகுக்கப்பட்டுள்ளது. முந்தி வந்தவருக்கே முன்னுரிமை. யார் முந்தியவர் எனத் தெரியாவிட்டாலோ, ஒரே நேரத்தில் வந்திருந்தாலோ சீட்டுக் குலுக்க வேண்டும். அப்படி முந்தியவருக்கும் ஒரே ஒரு வழக்குக்குத்தான் அந்த முன்னுரிமை உண்டு. புறப்படத் தயாராக நிற்கும் பயணிகளையும் பெண்களையும், அவர்கள் மிகுதியாக இல்லாதவரை, பிந்தி வந்திருந்தாலும் முற்படுத்தலாம்.

இதை நிதானமாக எண்ணிப் பாருங்கள். உரிமை என்பது, தேவையோடு வந்து முந்தி நின்றவருக்கு உரியது. வழக்கே இல்லாதவனுக்கு வரிசையில் இடமில்லை. ஒரு வழக்குக்காக நின்றவன் இருபது பேருடைய பாஸ்போர்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கவும் இடமில்லை. முதிய தந்தைக்காக மகன் சற்று நேரம் நிற்பது வேறு. அங்கே தேவை ஒன்று, இடமும் ஒன்று. மெய்யாகவே அவசரம் உடையவருக்கு இரக்கத்தின் வாசலைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசலுக்குக் கட்டணம் கிடையாது. நிற்பவர்களிடம் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள்; விலை பேசாதீர்கள்.

அமர்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு அவருடைய இடத்தில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அறிவித்தவர் இப்னு உமர் (ரலி) அவர்கள். தமக்காக ஒருவர் தாமாகவே எழுந்தபோதும் அவ்விடத்தில் அவர்கள் அமர மாட்டார்கள். அந்தப் பேணுதல் எங்கே, நம் கெட்டிக்காரத்தனம் எங்கே!

“இப்போது கணினியில் நேரம் குறித்துவிடுகிறார்கள், நடைபாதை வரிசையெல்லாம் பழங்கதை” என்று சிலர் ஆறுதல் கூறுவர். வரிசை தெருவிலிருந்து திரைக்கு இடம் மாறியது. வியாபாரமும் அதைப் பின்தொடர்ந்தது. 2025 மார்ச்சில், தானியங்கி மென்பொருளைக் கொண்டு பிடிக்கப்பட்ட ஏறத்தாழ 2,000 விசா நேர்காணல் பதிவுகளை ரத்துச் செய்வதாக இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் அறிவித்தது. போர்வை போர்த்திப் படுத்திருந்தவனின் வேலையை இன்று இயந்திரம் செய்கிறது. வாங்குபவர் மட்டும் மாறவில்லை.

அரசாங்கங்கள் சரி செய்யட்டும் என்று காத்திருப்பதும் வீண். விசா வழங்குவது தூதரகப் பணி என்று 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை கூறுகிறது. வாயிலுக்கு வெளியே நிற்பவர் எப்படி நிற்க வேண்டும் என்று அது கூறவில்லை. உள்ளே விசா தருவது அந்நாட்டின் விதிப்படி. வெளியே நம்முடைய ஒழுக்கம்தான் சட்டம்.

நாள்தோறும் ஐவேளை ஸஃப்பில் நிற்கிறோம். முதல் ஸஃப்பின் சிறப்பை மக்கள் அறிந்தால் அதற்காகச் சீட்டுக் குலுக்கவும் செய்வார்கள் என்பது நபிமொழியின் கருத்து. சீட்டுக் குலுக்கத்தான் சொல்லப்பட்டதே தவிர, ஏலம் விடச் சொல்லப்படவில்லை. பள்ளிவாசலுக்குள் கோடீசுவரரும் விலைக்கு வாங்க முடியாத இடத்தை, பள்ளிவாசலுக்கு வெளியே ஏன் சந்தைச் சரக்காக்குகிறோம்?

பெற்றோர்களே! பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்புமுன் துஆச் செய்கிறீர்கள். அந்தப் பயணத்தின் முதல் அடியே ஓர் ஏழைத் தாயின் இடத்தை மிதித்து எடுத்து வைக்கப்படுமானால், அந்தச் சம்பாத்தியத்தில் பரக்கத்தை எங்கே தேடுவது? முந்திச் செல்லுங்கள், அல்லது பிந்தி நில்லுங்கள். பிறர் ஹக்கை வாங்கிக்கொண்டு முன்னால் போகாதீர்கள்.