நத்தார் மேசையில் ஒரு கைத்தறி விரிப்பு

கலை என்றதும் சுவரில் தொங்கும் ஓவியமே நம்மிற் பலருக்கு நினைவில் வரும். நத்தார் விருந்தன்று கேக்குத் தட்டின் கீழே கிடக்கும் கைத்தறி விரிப்பும் கலைதான் என்பது என் கருத்து.

இதை இலங்கைக்கு உணர்த்தியவர்களுள் இருவர் முக்கியமானவர்கள். நல்லாயன் சபைக் கன்னியரின் நெசவு நிலையங்களுக்கு வடிவமைப்புச் செய்யத் தொடங்கிய ஓவியர் பார்பரா சன்சோனி, 1964இல் பெயார்ஃபுட் நிறுவனத்தை ஆரம்பித்தார். ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்துக்குப் பத்திக் துணியாலேயே விதானம் அமைத்தவர் ஏனா த சில்வா. பின்னாளில் மாத்தளை அளுவிகாரையில் கிராமத்துப் பெண்களுக்கு அக்கலையையே தொழிலாக்கிக் கொடுத்தார்.

நாமோ, பிளாஸ்டிக் மரத்துக்கும் மின்விளக்குத் தோரணத்துக்கும் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, கைத்தறித் துணியின் முன்னே முகம் சுளிக்கிறோம். அவ்விலையில் நூல் மட்டுமன்று, தறியில் அமர்ந்த ஒருவரின் நாள்களும் அடங்கியுள்ளன. தப்பித்தவறி வாங்கினாலும், விருந்தாளிக்கென்று அலுமாரியில் பூட்டிவைக்கிறோம்.

எங்கள் வீட்டில் அவ்வழக்கம் இல்லை. விரிப்பு அன்றாடம் மேசையில் கிடக்கும், குழம்பும் சிந்தும், துவைத்து மீண்டும் விரிப்போம். துவைக்கத் துவைக்கத் துணி மென்மையாகிறதே தவிர, அழகு குறைவதில்லை. நிறங்களை இரசிக்க நமக்கு நாள்தோறும் மூன்று வேளை வாய்க்கிறது.

ஆகவே, இந்த நத்தாருக்கு ஒரு கைத்தறி விரிப்பையாவது வாங்குங்கள். தைப்பொங்கலன்றும் அதுவே மேசையில் இருக்கட்டும்.