இளைஞர்களின் திடீர் மரணம்: கொரோனா தடுப்பூசிதான் காரணமா? ஆய்வில் கண்டுபிடிப்பது எப்படி?

ஜிம்மில் மயங்கி விழுந்தார், கல்யாண வீட்டில் ஆடும்போதே சரிந்தார்... இப்படி ஒரு வீடியோ வந்தாலே கமெண்ட்டில் தவறாமல் வரும் கேள்வி: "ஊசி போட்டதாலயா?"

2025 ஜூலையில் இது அரசியலிலும் வெடித்தது. ஹாசன் மாவட்டத்தில் ஒரே மாதத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாரடைப்பால் இறந்ததாகச் சொன்ன கர்நாடக முதல்வர் சித்தராமையா, தடுப்பூசிக்கு அவசரமாக அனுமதி கொடுத்ததும் காரணமாக இருக்கலாம் என்றார். மத்திய சுகாதாரத்துறை மறுத்தது. யார் சொல்வது சரி?

இறந்தவர் ஊசி போட்டவர்தானே?

ஆமாம். ஆனால் உயிரோடு இருப்பவர்களும் போட்டவர்கள்தான். ஒரு ஊரில் 10 பேரில் 9 பேர் ஊசி போட்டிருந்தால், ஊசியோடு தொடர்பில்லாத எந்தக் காரணத்தால் இறந்தவர்களை எடுத்தாலும் ஏறக்குறைய 10-க்கு 9 பேர் ஊசி போட்டவர்களாகவே இருப்பார்கள். அதனால் இறந்தவர்களை மட்டும் எண்ணினால் விடை கிடைக்காது. ஒப்பிட ஆள் வேண்டும்.

ஐசிஎம்ஆர் என்ன செய்தது?

சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இதைத்தான் செய்தது. நாடு முழுவதும் 47 மருத்துவமனைகள் மூலம், 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை காரணம் தெரியாமல் திடீரென இறந்த 18-45 வயதினர் 729 பேரின் விவரங்களை எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒத்த வயது, அதே பாலினம், அதே பகுதியைச் சேர்ந்த 4 பேர் வீதம் 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள்.

குடிப்பழக்கம், குடும்பத்தில் திடீர் மரணம் போன்ற காரணங்கள் கணக்கைக் குழப்பாமல் இருக்க, அவற்றைப் புள்ளியியல் முறையில் தனித்தனியாகப் பிரித்தும் பார்த்தார்கள்.

முடிவு என்ன?

* 2 டோஸ் போட்டவர்களிடம் திடீர் மரண வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக இருந்தது
* முன்பு கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு சுமார் 4 மடங்கு அதிகம்
* கடைசி 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தவர்களுக்கு சுமார் 5 மடங்கு
* அதே 48 மணி நேரத்தில் கடுமையான உடல் உழைப்பில் ஈடுபட்டவர்களுக்கும் அதிகம்

அப்போ சந்தேகமே இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இறந்தவரைப் பற்றி உறவினர்களிடம் கேட்டுத்தான் தகவல் எடுக்கப்பட்டது. நினைவு தவறலாம். உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்களே 2 டோஸும் போட்டிருக்கலாம். அதனால் 'ஊசி மரணத்தைப் பாதியாக்கியது' என அடித்துச் சொல்வதும் அவசரம். கோவிஷீல்டு ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறையும் பாதிப்பு வரலாம் என்பதும் உண்மை. ஆனால் ஊசியால் திடீர் மரணம் கூடியது என்பதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

நாம் கவனிக்க வேண்டியது

பழியை ஊசி மீது போட்டுவிட்டால் உண்மையான காரணம் தப்பிவிடும். வீட்டில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, கொரோனாவால் மருத்துவமனையில் இருந்திருந்தாலோ, ஜிம்மில் சேரும் முன் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். நெஞ்சுவலியை 'கேஸ்' என்று தள்ளிப்போடாதீங்க.