இரவல் தரக் கூடாத கணக்கு

2022 ஜனவரியில் ஹைதராபாத் மகேஷ் கூட்டுறவு நகர வங்கியில் ஒரு கொள்ளை நடந்தது. பூட்டு உடைபடவில்லை; காவலாளி தாக்கப்படவில்லை. வங்கி ஊழியர்களுக்கு அனுப்பிய போலி மின்னஞ்சல்கள் மூலம் கம்ப்யூட்டருக்குள் புகுந்த மோசடிக்காரர்கள், 12 கோடி ரூபாய்க்கு மேல் வாரிக்கொண்டு போனார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளில் இருந்த குறைகளுக்காக ரிசர்வ் வங்கி 2023-ல் அந்த வங்கிக்கு 65 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

சாமானிய மக்கள் இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று. அந்தப் பணம் முதலில் அதே வங்கியில் இருந்த சில கணக்குகளுக்கும், பிறகு பல மாநிலங்களில் நூற்றுக்கணக்கான கணக்குகளுக்கும் மாற்றப்பட்டு, ஏ.டி.எம்.களில் ரொக்கமாக எடுக்கப்பட்டது. சூத்திரதாரிகள் எங்கோ இருந்தார்கள். கணக்கைக் கொடுத்து உதவியவர்களோ போலீசில் சிக்கினார்கள்.

வேலை தேடி வந்து, லாலாகூடாவிலும் மெட்டுகூடாவிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தமிழ் இளைஞர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். "உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு" என்று யாராவது சொன்னால், அவர் சொந்த ஊர்க்காரராகவே இருந்தாலும் மறுத்துவிடுவதே நல்லது. பாஸ் புத்தகம், ஏ.டி.எம். கார்டு, சிம் கார்டு ஆகிய மூன்றையும் இரவல் கொடுப்பது, வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குச் சமம். விசாரணை வந்தால் கணக்கு முடக்கப்படும். மாதச் சம்பளமும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். ஊரில் மணியார்டருக்குக் காத்திருந்த காலம் போய், இன்று அதே கணக்கை நம்பித்தான் குடும்பம் இருக்கிறது.

சொந்தப் பணத்தைக் காப்பதிலும் அலட்சியம் கூடாது. கார்டின் உறையிலேயே ரகசிய எண்ணை எழுதி வைப்பதும், ஏ.டி.எம். வாசலில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம் கார்டைக் கொடுத்துப் பணம் எடுத்துத் தரச் சொல்வதும் இன்னும் நிற்கவில்லை. கார்டை மாற்றிக் கொடுத்துவிட்டு நழுவ ஒரு நொடி போதும். போனில் வரும் ஓ.டி.பி. எண்ணை எந்த வங்கி அதிகாரியும் கேட்கமாட்டார். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. அதைப் போடச் சொன்னால் பணம் போகப்போகிறது என்றுதான் அர்த்தம். இனிய தமிழில் பேசுகிறார் என்பதற்காக யாரையும் நம்பிவிடக் கூடாது.

ஏமாந்த பிறகு வெட்கப்பட்டு மௌனமாக இருப்பது இரண்டாவது நஷ்டம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தடுத்து நிறுத்துவதற்காக ஏற்பட்ட வசதி இது. வங்கிக்கும் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ரிசர்வ் வங்கி 6-7-2017 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வெளியார் செய்த மோசடியை, தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்று விதித்தது. ரகசிய எண்ணை அவரே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை ஏற்படும் நஷ்டம் அவருடையது. அதற்குப் பின் ஏற்படுவது வங்கியுடையது. ஆகவே ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு.

வங்கிகளுக்கும் கடமை உண்டு. எச்சரிக்கைகளை ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டால் பொறுப்புத் தீர்ந்துவிடாது. தமிழர்கள் மிகுதியாக உள்ள செகந்திராபாத் கிளைகளிலாவது தமிழில் ஓர் அறிவிப்புப் பலகை வைக்கலாம். தமிழ்ச் சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்களுக்கு இவற்றை விளக்கிச் சொல்லலாம். வியர்வை சிந்திச் சேர்த்த பணத்துக்கு அது பெரிய காவலாக இருக்கும்.