ஆட்டமும் பாடமும்



வகுப்பறையில் விளக்குகள் அணைகின்றன. வெண்திரையில் ஒரு வினா தோன்றுகிறது. நாற்பது மாணவர் கையிலும் கைப்பேசி. இருபது வினாடிக்குள் சரியான விடையைத் தொட வேண்டும். முந்தித் தொட்டவருக்குப் புள்ளி மிகுதி. பிந்தித் தொட்டவருக்குக் குறைவு. மணி ஒலிக்கிறது. ஐந்து பெயர்கள் ஏணிப்படிபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. கைதட்டல் எழுகிறது.

இக்காட்சியைக் காணாதவர் நம்மில் மிகச் சிலரே. கல்லூரிப் பாடத்தில் ஆட்டத்தின் கூறுகளைப் புகுத்துவது இந்நாளின் புதுமை என்று பேசப்படுகிறது. புள்ளி, பதக்கம், படிநிலை, தரவரிசைப் பலகை ஆகிய அனைத்தும் ஆடுகளத்தை விட்டு வகுப்பறைக்குள் குடிவந்துவிட்டன. கேரளத்தில் 2024 சூலை முதல் நாள் நான்காண்டுப் பட்டப் படிப்பு தொடங்கியது முதல், கற்பிக்கும் முறையைப் பற்றிய பேச்சு எங்கும் பெருகியுள்ளது. இந்தப் புது விருந்தாளியை வரவேற்பதா? வாயிலில் நிறுத்தி, 'நீ யார்? எதற்கு வந்தாய்?' என்று கேட்பதா? கேட்டுவிட்டு வரவேற்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஐந்து பெயர்களில் என் பெயரும் பலமுறை இருந்தது. மகிழ்ந்தேன், மறைப்பானேன்? ஆனால் அதே வகுப்பில் என் அறைத் தோழர் ஒருவரும் இருந்தார். நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர். பள்ளி இறுதிவரை தமிழ்வழியில் பயின்றவர். ஆங்கில வினாவைக் கண்ணால் படித்து, மனத்துக்குள் தமிழாக்கி, விடை கண்டு, விரலைத் திரைமேல் வைப்பதற்குள் அவருக்கு வினாடிகள் ஓடிவிடும். விடை சரியாகவே இருக்கும், புள்ளி சிறுத்துவிடும். சில வாரங்களில் அவர் கடைசி வரிசைக்குப் போனார். பின்னர் அந்த வகுப்பு நடக்கும் நாளில் மட்டும் அவருக்குத் தலைவலி வரத் தொடங்கியது. கடைசியில் நிற்பவன் பெயரைத் திரை காட்டுவதில்லை என்பது உண்மைதான். ஆனால், தன் கைப்பேசி காட்டும் எண்ணை அவன் அறிவான் அல்லவா?

இது எந்தத் துறையில், எந்த ஆசிரியர் வகுப்பில் என்று கேளாதீர்கள். ஆசிரியர் நல்ல நோக்கத்தோடு செய்தார். எழுதப் புகுந்தது நோக்கத்தைப் பற்றியன்று, முறையைப் பற்றி.

இம்முறை புதியதுமன்று. 1823-இல் சென்னை மாகாணத்துப் பெல்லாரி மாவட்ட ஆட்சியராக இருந்த காம்பெல் என்பார், உள்நாட்டுப் பள்ளிகளைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். காலையில் பள்ளிக்கு முதலில் வரும் சிறுவனின் உள்ளங்கையில் கலைமகளின் பெயரை எழுதுவார்களாம், அது பெருமை. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழியம். புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. பின்னே வர வர ஒவ்வோர் அடி கூடும். இரு நூற்றாண்டுக்கு முந்திய தரவரிசைப் பலகை இதுவன்றோ! பிரம்பு போயிற்று, திரை வந்தது. ஆனால் முந்தி வந்தவன் கற்றுக்கொண்டது யாது? முந்தி எழுந்திருக்கக் கற்றான். எழுத்தையும் எண்ணையும் அந்தப் பெருமை அவனுக்குக் கற்பிக்கவில்லை.

அறிவே ஆட்டமாகிய காட்சியும் நம்மிடம் உண்டு. இங்கிருந்து தெற்கே சென்றால் நாகர்கோவிலை அடுத்து இடலாக்குடி. 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவனந்தபுரத்தோடு ஒரே ஆட்சியில் இருந்த மண் அது. அம்மண்ணில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். நாலாபக்கமிருந்தும் வினாக்கள் வரும். பாட்டு, கணக்கு, எண்ணிக்கை, நினைவு என்று நூறு முனையில் கவனம் நிற்க வேண்டும். அங்கே ஆட்டம் வேறு, புலமை வேறு என்று பிரித்தெடுக்க இயலாது. புலமையை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை.

இவ்விரண்டு காட்சிகளுக்கும் இடையே உள்ள வேற்றுமைதான் நான் சொல்ல வந்த செய்தி. ஆட்டம் பாடத்தின்மேல் ஒட்டிய வண்ணத்தாளா? பாடத்தின் உள்ளேயே ஓடும் உயிரா?

வண்ணத்தாள் என்ன செய்யும் என்பதை ஆராய்ந்தவர் உண்டு. 1973-இல் லெப்பர், கிரீன், நிசுபெட் என்னும் மூவர் அமெரிக்காவில் மழலைப் பள்ளிச் சிறுவரை வைத்து ஆய்வு செய்தனர். வண்ணக்கோல்களால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பம் உள்ள சிறுவர் அவர்கள். ஒரு பகுதியினருக்கு, 'வரைந்தால் பொன்முத்திரையும் நாடாவும் உள்ள சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். சான்றிதழும் தந்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த சிறுவர் மற்றவரைக் காட்டிலும் குறைந்த நேரமே வரைந்தனர். பரிசு வந்தது, விருப்பம் தேய்ந்தது. 2015-இல் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேனசு, பாக்சு என்னும் இருவர் கல்லூரி மாணவரிடையே கண்டதும் இதனை ஒத்ததே. ஒரே பாடத்தின் இரு வகுப்புகளை ஒரு பருவம் முழுவதும் கவனித்தனர். ஒன்றில் பதக்கமும் தரவரிசைப் பலகையும் உண்டு; மற்றொன்றில் இல்லை. பலகை இருந்த வகுப்பில் நாளடைவில் ஊக்கம் குறைந்தது. இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் குறைந்தே நின்றது.

இனி, பாடத்தின் உள்ளே ஓடும் ஆட்டத்துக்கு வருவோம். இதற்கு என் சான்று ஆய்வுக்கூடத்தில் கிடைக்கவில்லை. விடுதித் தாழ்வாரத்தில் கிடைத்தது.

துலாமழை கொட்டிய ஒரு மாலை. மின்சாரம் போய்விட்டது. தோழர் சுண்ணக்கட்டியால் தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் வரைந்தார். 23 புள்ளிகள். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலிக்குச் சட்டைப் பொத்தான். ஆட்டுக்கு, ஊரிலிருந்து வந்த பொட்டலத்தில் கிடந்த புளியங்கொட்டை. மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் தோற்றேன். தோல்வியை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆதலால் நான்காவது ஆட்டம் கேட்டேன். அவர் காய்களைக் கலைத்துவிட்டு ஒரு கேள்வி போட்டார்.

"மூன்று புலியையும் இந்த 23 புள்ளியில் எத்தனை விதமாய் வைக்கலாம், சொல்லு?"

"முதற் புலிக்கு 23 இடம், அடுத்ததற்கு 22, அதற்கடுத்ததற்கு 21. பெருக்கினால் 10,626" என்றேன். அவர் சிரித்தார்.

"புலிக்குப் பேர் வைத்திருக்கிறாயா? நீ கண்ணை மூடு. இரண்டு பொத்தானை இடம் மாற்றுகிறேன். திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?"

முடியாது. மூன்று புலிகள் தமக்குள் ஆறு விதமாக இடம் மாறலாம். ஆறும் நம் கண்ணுக்கு ஒன்றே. ஆகவே 10,626-ஐ ஆறால் வகுக்க வேண்டும். விடை 1,771.

"ஒரு புள்ளியில் எத்தனை புலி வேண்டுமானாலும் நிற்கலாம் என்று விதியை மாற்றினால்?" என்றார் அடுத்து. இருவருமாகக் கணக்கிட்டோம். இரு புலிகள் ஓரிடத்திலும் ஒன்று வேறிடத்திலும் நிற்கும் வழி 506. மூன்றும் ஓரிடத்தில் நிற்கும் வழி 23. முன்னதோடு கூட்டினால் 2,300.

எனக்கு மெய்சிலிர்த்தது. ஒன்றுபோல் உள்ள துகள்களை எண்ணும் முறை இதுதான்! ஓரிடத்தில் ஒரு துகளே நிற்கும் என்று கொண்டு 1926-இல் பெர்மியும் டிராக்கும் எண்ணிய வழி முதலாவது. எத்தனையும் நிற்கலாம் என்பது, 1924-இல் டாக்காப் பல்கலைக்கழகத்திலிருந்த நம் சத்தியேந்திர நாத் போசு, ஐன்சுடைனுக்கு எழுதி அனுப்பிய கட்டுரையின் வழி. இவ்விரு சூத்திரங்களையும் நான் மனப்பாடம் செய்து, திரையில் வினா வந்த மாத்திரத்தில் விடையைத் தொட்டு, ஐந்து பெயர்களுள் ஒருவனாக நின்றவன். ஏன் அவ்வாறு என்பது எனக்கு விளங்கியிருக்கவில்லை. விளங்க வைத்தவர், தலைவலிக்காரர்! திரை எங்கள் இருவரையும் அளந்தது, தலைகீழாக அளந்தது.

புள்ளி என்றாலே தீது என்று சொல்லவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2008-இல் 'போல்டிட்' என்னும் கணினி ஆட்டத்தை வெளியிட்டனர். புரத மூலக்கூற்றை மடித்து மடித்துச் சரியான வடிவத்துக்குக் கொணர்வதே ஆட்டம். குரங்குகளைத் தாக்கும் தீநுண்மி ஒன்றின் நொதி வடிவம் பத்தாண்டுக்கு மேலாக அறிவியலாருக்குப் பிடிபடாமல் இருந்தது. 2011-இல் ஆட்டக்காரர்கள் மூன்று வாரத்துக்குள் அதன் வடிவத்தை உருவாக்கித் தந்தனர். அங்கும் புள்ளி உண்டு, வரிசையும் உண்டு. ஆனால் அப்புள்ளி மூலக்கூற்றின் ஆற்றலைக் கணக்கிட்டு வருவது. புள்ளியைத் துரத்துபவன் தன்னை அறியாமலே அறிவியலைத் துரத்துகிறான்.

நம் நாட்டிலும் இருவகைக் கூறுகளும் கலந்தே நடைபெறுகின்றன. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் 90-க்கு மேல் பெற்றால் பொற்சான்று, 75-க்கு மேல் வெள்ளி. இது வண்ணத்தாள். ஆனால் பன்னிரண்டு வாரப் பாடத்தில் வாரப் பயிற்சிகளுள் சிறந்த எட்டை மட்டும் கணக்கில் கொள்கிறார்கள். ஓரிரு வாரம் தவறினாலும் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டுவதில்லை. இது நல்ல ஆட்டத்தின் இலக்கணம். இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பொறியியல் பட்டத்துக்குப் பாடங்களோடு 100 செயற்பாட்டுப் புள்ளிகளும் வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டுத் திட்டத்தில் விதித்தது. வகுப்புக்கு வெளியேயும் மாணவன் வளர வேண்டும் என்னும் எண்ணம் நன்று. எனினும் புள்ளி கட்டாயமாகும்போது, தொண்டு செய்யப் போகிறவன் சான்றிதழ் வாங்கப் போகிறவனாகிவிடும் அச்சமும் உடன்வருகிறது.

'போட்டி இல்லையேல் யார் படிப்பார்?' என்று சிலர் கேட்பர். தேர்வு என்னும் போட்டி இருக்கத்தானே செய்கிறது? அதற்கு மேல் வாரந்தோறும் ஒரு சிறு தேர்வை ஆட்டம் என்று பெயரிட்டு அழைப்பதால் அது ஆட்டமாகிவிடாது. தோற்றவன் மீண்டும் ஆட விரும்பினால்தான் அது ஆட்டம். 'ஆட்டத்துக்கெல்லாம் நேரம் ஏது? பாடத்திட்டம் முடிய வேண்டாமா?' என்பது மற்றொரு கேள்வி. இது நேர்மையான கேள்வி. எல்லாப் பாடத்துக்கும் ஆட்டம் வேண்டியதில்லை. பருவத்துக்கு இரண்டு மூன்று இடங்களில், எங்கே மாணவர் பெரும்பாலும் தடுக்கி விழுகிறாரோ அங்கே, ஓர் ஆட்டம் போதும். இரண்டு மணி நேரச் சொற்பொழிவு செய்யாததை அரை மணி நேரப் புளியங்கொட்டை செய்ததை நான் கண்டேன்.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள்முன் மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன். ஒன்று: விரைவுக்குப் புள்ளி தராதீர்கள். பல மொழியினர் பயிலும் வகுப்பில் விரைவு என்பது பெரும்பாலும் ஆங்கிலத்தின் விரைவே, அறிவின் விரைவன்று. இரண்டு: தரவரிசையை ஊரறியத் திரையில் ஏற்றாதீர்கள். அவரவர் நிலையை அவரவர் கண்டால் போதும். தவறியவர் மறுமுறை முயல வழி இருக்கட்டும். மூன்று: ஆட்டத்தின் விதியைப் பாடத்தின் விதியிலிருந்தே எடுங்கள். ஆட்டம் முடிந்தபின், 'இந்த விதியை மாற்றினால் என்ன ஆகும்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். கல்வி அங்கேதான் தொடங்குகிறது.

நம் தமிழ் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஊர் விட்டு வந்த நாம் ஆண்டுக்கொருமுறை பொங்கல் வைக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். திங்கள்தோறும் ஒரு மாலை ஆடுபுலியும் பல்லாங்குழியுமாகத் தாழ்வாரத்தில் அமர்ந்தால் என்ன? மலையாள நண்பர்களையும் அழைப்போம். இவ்வாட்டம் அவர்களுக்கும் அயலானதன்று. கணக்குத் துறையாரும் இயற்பியலாரும் தமிழ்த் துறையாரும் ஒரே கட்டத்தைச் சுற்றி உட்காரட்டும். என்னென்ன கேள்விகள் பிறக்கின்றன என்று பார்ப்போம்.

தோழர் இப்போது வகுப்புக்கு வருகிறார். திரையின் ஐந்து பெயர்களில் அவர் பெயர் இன்னும் ஏறவில்லை. எனக்கு ஐயம் வந்தால் நான் திரையைப் பார்ப்பதில்லை. கடைசி வரிசையைப் பார்க்கிறேன். அத்தகையவர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவரேனும் இருப்பார். அவர் எழுந்து போய்விடாமல் இருக்கும்படி நம் ஆட்டத்தை அமைப்போமாக!