விஷ டப்பாவுக்குத் தமிழ்! களிம்பு டப்பாவுக்கு?

பூச்சி மருந்து டப்பாவைக் கையிலெடுத்துப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். உள்ளே இருக்கும் விஷம் இன்னதென்றும், எப்படி உபயோகிக்க வேண்டுமென்றும் தமிழிலும் அச்சிட்ட காகிதம் அதனுடன் இருக்கும். விஷத்தின் கடுமைக்குத் தக்கபடி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறமும் காட்டியிருக்கும். இது கம்பெனிக்காரர்களின் தர்ம சிந்தனையால் வந்ததல்ல. விற்கும் பிரதேசத்தின் பாஷையிலும் அச்சிட்டாக வேண்டுமென்று 1971ஆம் வருஷத்திய பூச்சிமருந்து விதிகள் கட்டாயப்படுத்துவதால் வந்ததேயாகும்.

நிற்க, அந்த விஷம் பட்டு எரிகின்ற கைக்காக வாங்கும் களிம்பு டப்பாவின் யோக்கியதை என்ன என்று கேட்கின்றோம்.

கம்பம் பள்ளத்தாக்கிலே திராட்சைப் பந்தலுக்குத் துருசும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறவர்களுக்கும், விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கி ஏறிக் குமுளிக்கும் கம்பம் மெட்டுக்கும் போடி மெட்டுக்கும் போய் ஏலக்காய் எடுத்துவிட்டுத் திரும்பும் பெண்களுக்கும், கை கால்களில் அரிப்பும் தடிப்பும் உண்டாவது அதிசயமல்ல. அவர்கள் மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு கிரீம் கொடு" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கிப் பூசுகின்றார்கள். வேறென்ன செய்வார்கள்? டப்பாவில் உள்ளதை வாசிக்க அவர்களுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டும். சிலவற்றுக்கு சமஸ்கிருதமும் தெரிய வேண்டும்!

சமஸ்கிருதம் என்பதை நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு டப்பாவில் "ஜிங்க் ஆக்ஸைடு" என்றிருக்கும் துத்தநாகப் பொடியே ஆயுர்வேதமென்று விற்கும் மற்றொரு டப்பாவில் "ஜஸத பஸ்மா" ஆகிவிடுகின்றது. "போரிக் ஆசிட்" என்பது "டங்கண ஆம்லா" ஆகிவிடுகின்றது. நம் வெங்காரத்திலிருந்து எடுக்கப்படுவதுதான் அது. இரண்டும் சேர்ந்த களிம்பு கல்கத்தாவில் போரோலின் என்ற பெயரில் 1929ஆம் வருஷம் முதலே இருந்து வருவது, புதுமை ஒன்றுமில்லை. பெயர் மாறியதால் குணம் மாறாது. ஆனால் ஒருவர் இங்கிலீஷ் பெயருக்கும் மற்றொருவர் ரிஷிகளின் பெயருக்கும் மயங்கிக் காசு கொடுக்கின்றார்கள்.

உண்மையில் வறண்டு எரியும் தோலுக்கு இதம் செய்கின்ற சரக்குகள் சொற்பமே. தோலிலிருந்து ஈரம் வெளியேறாமல் மூடி வைப்பது பாரபின் ஜெல்லி. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வது கிளிசரின். புண்பட்ட இடத்தை மூடிக் காப்பது துத்தநாகப் பொடி. விலை கூடியதிலும் குறைந்ததிலும் வேலை செய்பவை பெரும்பாலும் இவைகளே. அதிகப்படி விலை வாசனைக்கும் படத்துக்கும் போகின்றது. அந்த வாசனையே சிலருக்கு அரிப்பை உண்டாக்கும் என்பதையும் அறிய வேண்டும். அழகுச் சாமான்களுக்கான 2020ஆம் வருஷத்திய விதிப்படி, நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரக்குகளை அளவில் கூடியது முதல் குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். ஆகவே முன்பக்கத்தில் சோற்றுக்கற்றாழை மடல் மடலாய் விரிந்திருக்க, பின்பக்கத்தில் அதன் பெயர் கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருந்தால், அதன் யோக்கியதை அவ்வளவுதான்.

"ஜில்லென்று இருக்கிறதே" என்பார்கள் சிலர். புதினா உப்பாகிய மெந்தால் தோலைக் குளிரச் செய்வதில்லை. குளிரை அறியும் நரம்பைத் தட்டிக் "குளிர்கிறது" என்று பொய் சொல்ல வைக்கின்றது. அரிப்புக்கு அது சற்று ஆறுதல் என்பதை மறுக்கவில்லை. புண்ணை ஆற்றும் மருந்து அதுவல்ல என்கின்றோம்.

அக்கி வந்தவரைக் குயவரிடம் அழைத்துப்போய்ச் செங்காவியைக் குழைத்து உடம்பில் சிங்கம் எழுதச் செய்யும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. காவி என்பது இரும்புத் துரு. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் காலமின் தைலத்தின் ரோஜா நிறமும் அதே இரும்புத் துருதான்! அங்கே இதம் தருவது துத்தநாகமும், நீர் உலரும்போது உண்டாகும் குளிர்ச்சியுமே, நிறமல்ல. அக்கி ஒரு வைரஸ் கிருமியால் வருவது. பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடும், பெருமை சிங்கத்துக்குப் போய்விடும். ஆனால் முதல் மூன்று நாளைக்குள் வைத்தியரிடம் போனால் கொடுக்க மருந்திருக்கின்றது. அந்த மூன்று நாளைத்தான் சிங்கம் தின்றுவிடுகின்றது.

இவற்றையெல்லாம் விட ஆபத்தானது, பூசிய மறுநாளே அரிப்பை அடக்கும் களிம்பு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்னும் ஸ்டீராய்டுகள் அதிலிருக்கும். கரப்பானுக்கு வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசினால் இவை நல்ல மருந்துகளே. தானாக வாங்கி மாதக் கணக்கில் பூசினாலோ தோல் மெலிந்துவிடும்; நிறுத்தினால் முன்னிலும் அதிகமாய் எரியும். படர்தாமரை மேல் பூசினால் அரிப்பு மட்டும் அடங்கி, நோய் உள்ளே தாராளமாய்ப் படரும். முகம் வெளுக்குமென்று நம்பிப் பூசும் பெண்களின் கதியோ சொல்லத் தரமன்று. 2018ஆம் வருஷத்தில் சர்க்கார் இவற்றில் பலவற்றை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியல் ஏட்டிலிருக்கின்றது, களிம்பு சீட்டில்லாமலும் கைக்கு வருகின்றது. டப்பாவின் மேலிருக்கும் "ஆர்.எக்ஸ்." குறியும் எச்சரிக்கையும் அதே இங்கிலீஷில்தான்.

தோட்டத்துப் பெண் ஏதுமறியாதவள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நாம் யாருக்கும் இடம் கொடுக்க மாட்டோம். கூலிக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் பாஷையில் எழுதிய நாலு பெயர் விளங்காதா? செடிக்கு அடிக்கும் விஷத்தை விளக்கத் தமிழ் வேண்டுமென்று சட்டம் செய்யத் தெரிந்தவர்களுக்கு, மனிதத் தோலில் பூசுவதற்கு அப்படி ஒரு கட்டாயம் செய்யத் தோன்றாததேன்? டப்பா சிறியது, இடம் போதாது என்பார்கள். கற்றாழைப் படத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் வேண்டிய இடம் கிடைக்கும்.

அதுவரையில் தோழர்கள் செய்யக்கூடியது, மருந்து பட்ட கையை முதலில் சோப்புப் போட்டுத் தண்ணீரில் நன்றாய்க் கழுவுவது. கழுவாமல் களிம்பை அப்பினால் விஷத்தையும் சேர்த்து உள்ளே மூடியதாகும். கடைக்காரரிடம் "இதில் ஸ்டீராய்டு உண்டா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஒரு வாரத்தில் அடங்காத அரிப்புக்குத் தேனி க.விலக்கு அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் வைத்தியரைப் பார்க்கலாம். போகும்போது பூசிய களிம்பின் டப்பாவையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.