ஈரக் குப்பைக்குத் தனி வண்டி எங்கே?

இம்மாதம் நாற்றமடிக்கும் செய்தி ஒன்றைப் பேசப் போகிறோம். முகம் சுளிக்காமல் படியுங்கள்.

2024 அக்டோபரில் மகாராஷ்டிர அமைச்சரவை, தேவநார் குப்பைமேட்டில் ஏறத்தாழ 124 ஏக்கரைத் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒதுக்க ஒப்புதல் தந்தது. தாராவிக்குள்ளேயே இலவச வீடு பெறும் தகுதி இல்லை என்று ஒதுக்கப்படுவோருக்காக இந்த நிலம். மேல்தளத்து அறைகளில் வாடகைக்கு இருக்கும் நம்மவர் எத்தனை குடும்பங்கள்! 1927 முதல் இந்த மாநகரம் கொட்டிய கழிவின் மேல் நாம் அடுப்பு மூட்ட வேண்டுமாம்.

அந்த மேட்டில் 1 கோடியே 85 லட்சம் டன் பழைய குப்பை கிடப்பதாக 2025-இல் மாநகராட்சியே கணக்குச் சொன்னது. 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தது. புகை நகரத்தை மூடியது, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தீ வைத்தது யார் என்ற வழக்கு ஒரு புறம் இருக்கட்டும். தீ அணையாமல் காத்தது எது? நாம் மிச்சம் வைத்த சோறு! சோறும் காய்கறித் தோலும் காற்றுப் படாமல் புதைந்து அழுகினால் மீத்தேன் என்னும் எரிவாயு பிறக்கிறது. மும்பைக் குப்பையில் பாதிக்கு மேல் இந்த உணவுக் கழிவுதான்.

திருநெல்வேலிச் சீமையில் நம் பாட்டிமார் சோற்றைக் குப்பையில் போட்டார்களா? வடித்த கஞ்சியும் அரிசி கழுவிய நீரும் காய்த் தோலும் கழுநீர்த் தொட்டிக்குப் போயின, மாடு குடித்தது. மிஞ்சியது எருக்குழிக்குப் போய் வயலுக்கு உரமாயிற்று. இங்கே பத்துக்குப் பத்து அறையில் மாட்டுக்கும் இடமில்லை, குழிக்கும் இடமில்லை. ஒரே பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் முடிந்து தெருமுனையில் வைக்கிறோம். நம் குற்றம் என்று மட்டும் இதைச் சொல்ல மாட்டோம்.

தாராவி 13-ஆம் காம்பவுண்டில் காலி டப்பாவுக்கும் அட்டைக்கும் விலை உண்டு. சாம்பாரும் சட்னியும் ஊறிய அட்டையை யார் வாங்குவார்? ஈரம் பட்டால் காய்ந்த சரக்கும் கெட்டது. அதைப் பொறுக்கிப் பிழைப்பவர் கூலியும் குறைந்தது. விடியற்காலையில் இட்லி அவித்து நகரமெங்கும் சுமந்து விற்கும் நம் தோழர்கள் இதை நன்கறிவார்கள்.

"பிரித்து வைத்து என்ன பயன், வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" என்று நம் பெண்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஓலா கச்சரா, சுக்கா கச்சரா என்று சுவரில் எழுதினால் போதுமா? குடிசைப் பகுதிகள் உட்பட எல்லா வீடுகளிலும், பிரித்த குப்பையை வாசலுக்கே வந்து வாங்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016 விதிகளே சொல்லிவிட்டன. "குடிசைப் பகுதிகள் உட்பட" என்ற சொற்களை இருமுறை படியுங்கள்.

முடியாத காரியமா? இந்தூரில் வீட்டிலேயே பிரித்து வாங்குகிறார்கள். அதனால்தான் நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையை 2022 பிப்ரவரியில் அங்கே திறக்க முடிந்தது. கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் கலந்த குப்பையை அந்த ஆலை செரிக்காது. அதைவிட நமக்கு நெருங்கிய பாடம் புனேயில் இருக்கிறது. அங்கே குப்பை பொறுக்கிய பெண்களே 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைத்து, வீடு வீடாகச் சென்று வாங்கிக் கூலி பெறுகிறார்கள். ஒப்பந்தக்காரர் நடுவில் இல்லை. துப்புரவு வேலையில் காலமெல்லாம் உழலும் நம் மக்களுக்கு இது வெறும் சுத்தத்தின் கதை அன்று, கூலியின் கதை.

மூடி போட்ட சிறு வாளி ஒன்று போதும். தண்ணீரை வடித்துவிட்டுக் கழிவைப் போட்டால் புழு வருவது குறையும். இது நம் பங்கு. நம் சந்துக்குள் நுழையக்கூடிய சிறு தள்ளுவண்டி நாள்தோறும் வர வேண்டும், ஈரத்துக்குத் தனியாக. அதைத் தள்ளுவோருக்குக் கையுறையும் முறையான சம்பளமும் வேண்டும். வார்டு அலுவலகத்தில் இதைக் கேட்டு மனு தரப் போகிறோம். தமிழிலும் மராத்தியிலும் எழுதியிருக்கிறது, சங்கத்தில் வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டு மராத்தித் தாயையும், எதிர் வீட்டு பீகார்த் தம்பியையும் அழைத்து வந்து கையெழுத்திடுங்கள்.