நீல முட்டை இடாத கோழி



பல ஆண்டுகளுக்கு முன் நாம் திருமணம் ஆசீர்வதித்து வைத்த பெண்ணொருத்தி, இன்று கணவனுடனும் பத்து வயது மகனுடனும் அமெரிக்க நாட்டின் ஓஹியோ மாநிலத்தில் வாழ்கிறாள். அண்மையில் அவள் எழுதிய கடிதத்தில் விந்தையான வழக்கொன்று இருந்தது.

அந்நாட்டில் தவக்காலம் வந்தால் கால்நடைத் தீவனக் கடைகளில் கோழிக்குஞ்சு விற்பனை களைகட்டும். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முட்டைகளுக்கு வண்ணம் தீட்டுவது அங்குள்ள பழைய வழக்கம். தீட்டாமலே வண்ண முட்டையிடும் கோழி உண்டு என்று கேள்வியுற்ற சிறுவன், அதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். தந்தை ஆறு குஞ்சுகள் வாங்கி வந்தார். ஆறனுள் ஒன்று சேவலாகி விடியற்காலையில் அண்டை வீட்டாரை எழுப்பிற்று. நான்கு பெட்டைகள் நீலமும் பச்சையுமாக முட்டையிட்டன. சிறுவன் தனக்கென்று தேர்ந்து, மடியில் வைத்து வளர்த்த பெட்டையோ பழுப்பு முட்டை இட்டது! பையன் அழுதான், கோழியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று தந்தை சினந்தார். "சாமி, பையனுக்கு என்ன சொல்வது?" என்று தாய் நம்மைக் கேட்டிருந்தாள்.

குருமடத்தில் நமக்குக் கோழிச் சாத்திரம் கற்பிக்கவில்லை. ஆகவே சில நூல்களைப் புரட்டினோம். விவரம் அறிந்தவர்களிடமும் வினவினோம். அறிந்ததைச் சொல்லுகிறோம்.

தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் மாப்புச்சே மக்கள் நீல முட்டையிடும் கோழிகளை வளர்த்து வந்தனர். ஸ்பெயின் நாட்டுக் கோழியியல் அறிஞர் சால்வடோர் காஸ்தெல்யோ அவற்றை 1914-இல் அங்கே கண்டார். 1921-இல் ஹேக் நகரில் கூடிய உலகக் கோழி மாநாட்டில் அவற்றைப் பற்றி எடுத்துரைத்தார். அன்றுமுதல் மேனாட்டார்க்கு அவற்றின்மீது பெருமோகம் உண்டாயிற்று. அவ்வழி வந்த அரௌகானா இனத்தை அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 1976-இலும், அமெரௌகானா இனத்தை 1984-இலும் அங்கீகரித்தது. அரௌகானாவின் காதோரம் சிறு இறகுக் குஞ்சம் உண்டு. அக்குஞ்சத்தைத் தரும் மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற கரு, முட்டைக்குள்ளேயே மடிந்துவிடும். மனிதன் விரும்பும் அழகுக்குச் சிற்றுயிர்கள் கொடுக்கும் விலை அது.

முட்டையின் நிறம் வரும் வகையும் வியப்பானதே. கோழியின் வயிற்றில் ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. நீல நிறமி ஓடு முழுவதும் ஊறிவிடுவதால், நீல முட்டையை உடைத்தால் உட்புறமும் நீலமாகவே இருக்கும். பழுப்பு நிறமியோ பெரும்பாலும் கடைசி மணிகளில் மேலே பூசப்படுவது, உட்புறம் வெண்மையே. நீல ஓட்டின்மேல் பழுப்புப் பூச்சு ஏறினால் பச்சை தோன்றும். பழங்காலத்தில் ஒருவகை வைரசின் கூறு கோழியின் மரபணுக்களிடையே புகுந்து தங்கியதே நீலத்துக்குக் காரணம் என்று 2013-இல் ஆய்வாளர் கண்டனர். ஓட்டின் நிறம் எதுவாயினும் உள்ளிருக்கும் கருவின் சத்து நிறத்தால் மாறுவதில்லை. கோழி தின்ற தீனியும் முட்டையின் புதுமையுமே கணக்கு. நம் ஊரிலும் பழுப்பு ஓட்டைக் கண்டதும் கூடுதல் விலை கொடுப்போர் இதைக் கருதுவார்களாக.

சரி, சிறுவனின் கோழி ஏன் பழுப்பு முட்டை இட்டது? கடையில் விற்றது தூய இனம் அன்று. 'ஈஸ்டர் எக்கர்' எனப்படும் கலப்பினம். நீல மரபணு, ஒன்று இருந்தாலே நிறம் காட்டும். ஆயினும் அதை ஒற்றையாக மட்டும் உடைய கோழியை, அது அறவே இல்லாத மற்றொன்றோடு சேர்த்தால், பிறக்கும் பெட்டைகளில் ஏறத்தாழப் பாதிக்கே அது கிட்டும். சேவல் முட்டையிடாது, அது எதைச் சுமக்கிறது என்று பார்த்துச் சொல்லவும் இயலாது. குஞ்சின் முகத்தைப் பார்த்து முட்டையின் நிறத்தை உறுதி கூற எவராலும் முடியாது. சில கடைகளில் கலப்பினத்துக்கு அமெரௌகானா என்று பெயர் சூட்டி விற்பதும் உண்டாம், அது குற்றமே. ஆனால் இக்கடைக்காரர் கலப்பினம் என்பதைப் பலகையில் எழுதியே வைத்திருந்தார். நம் நண்பர் எழுத்தைப் படிக்கவில்லை. நீல முட்டைப் படத்தை மட்டும் பார்த்தார்!

குஞ்சு வாங்க விரும்புவோர்க்கு இரண்டொரு சொல். முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரந்தோறும் 3 டிகிரி அளவு குறைக்கலாம். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். முதல் முட்டைக்கு ஐந்து, ஆறு மாதம் பொறுக்க வேண்டும். குஞ்சைத் தொட்ட குழந்தைகள் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்; அதை முத்தமிட விடலாகாது; வயிற்றுநோய்க் கிருமி தொற்றக்கூடும். நிறம் உறுதியாக வேண்டுமென்றால் பெற்றோர்க் கோழிகளைப் பற்றிக் கேட்டறிந்து வாங்குங்கள். அவ்வாறு கேட்க மனமில்லையேல், எந்த நிறம் வந்தாலும் ஏற்பேன் என்ற மனத்தோடு வாங்குங்கள்.

இவ்வளவையும் எழுதி அத்தாய்க்கு அனுப்பத் தாளை மடித்தபோது, நம் கை நின்றது. வேறொரு சிறுவனின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

முன்னொரு பங்கில் பீடத்தில் உதவிசெய்த சிறுவன் ஒருவன் இருந்தான். பக்தியுள்ளவன், குரலும் இனியது. இவன் குருவாவான் என்று அவன் தந்தையிடம் சொன்னவர்கள் நாமே. ஊர் கூடி மேளதாளத்துடன் அவனைக் குருமடத்துக்கு வழியனுப்பினோம். நான்கு ஆண்டுகள் கழிந்து, இது தன் அழைத்தல் அன்று என உணர்ந்து, அதிபரிடம் உண்மையைச் சொல்லி, பெட்டியுடன் வீடு திரும்பினான். தந்தை அவனோடு ஒரே பந்தியில் உண்ண மறுத்தார். "ஊரில் தலைகாட்ட முடியாமல் செய்துவிட்டாயே" என்பதே அவர் சொன்ன ஒரே சொல்.

தந்தையை மட்டும் குறை கூறுவது எளிது. அடுத்த ஞாயிறு அவன் வழக்கம்போல் சக்கிறீஸ்திக்கு வந்து நின்றான். நாமோ அவன் பணியை மற்றொரு சிறுவனிடம் கொடுத்துவிட்டு, அவனைக் காணாதவர்போல் திருப்பலி உடை அணிந்துகொண்டோம். அவன் சற்று நேரம் நின்றான்; பிறகு வெளியே சென்றான். மறுவாரமே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம்.

முட்டை கேட்கும் பிள்ளைக்கு எந்தத் தந்தையேனும் தேளைக் கொடுப்பாரா என்று ஆண்டவர் வினவியதை லூக்கா நற்செய்தியில் காண்கிறோம். எத்தனை முறை அதைக் குறித்துப் பிரசங்கித்திருக்கிறோம்! அன்று நாம் கொடுத்தது என்ன? அவன் கேட்டது ஒரு புன்னகை. பெற்றுச் சென்றது தேளின் கொடுக்கு.

பல ஆண்டுகள் சென்றன. அவன் தந்தை நோயுற்று மருத்துவமனையில் கிடந்தபோது, இரவெல்லாம் கட்டிலடியில் துண்டு விரித்துப் படுத்து, மலஜலம் எடுத்துப் பணிவிடை செய்தவன் அந்த மகனே. நோயில் பூசுதல் அளிக்கச் சென்ற நாம் அதைக் கண்ணால் கண்டோம். வெளியே வந்ததும், "தம்பி, அன்றைக்கு நாம் உன்னிடம் நடந்துகொண்டது தவறு, மன்னித்துக்கொள்" என்றோம். அவன் தலைகுனிந்தான். "சாமி, காபி சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டு, வாங்கிவந்து கொடுத்தான். அதன்மேல் அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. அவன் இசைவு பெற்றே இதை இங்கே எழுதுகிறோம்.

அவனிடம் குறை யாதும் இல்லை. நாம் நம் மனத்தில் ஒரு படத்தை எழுதி அவன் கழுத்தில் மாட்டினோம். படத்தைப்போல் அவன் ஆகவில்லை என்று அவன்மேல் சினந்தோம். மருத்துவராக வேண்டும் என்று சொல்லி வளர்த்த மகள் வேறு படிப்பை விரும்புகிறாள். முதல் மதிப்பெண் எதிர்பார்த்த மகன் தேறவே தடுமாறுகிறான். உங்கள் இல்லங்களிலும் இப்படி நிகழவில்லையா? குழந்தை பிறந்தபோது இறைவன் நிறத்தை எழுதிக் கொடுக்கவில்லை. உயிரை மட்டும் நம் கையில் ஒப்படைத்தார்.

தாய்க்கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ் கூட்டிச் சேர்ப்பதை ஆண்டவர் தம் அன்புக்கு உவமையாக்கினார். எந்தத் தாய்க்கோழியும் இது நாளை எந்நிற முட்டையிடும் என்று கேட்டுவிட்டுச் சிறகை விரிப்பதில்லை.

நாம் அந்தச் சிறுவனுக்குத் தனியாக நான்கு வரி எழுதினோம்: "தம்பி, உன் கோழி உனக்கு வாக்குக் கொடுத்ததில்லை. அதற்குத் தெரிந்த முட்டையை அது இட்டிருக்கிறது. அதை நீயே எடுத்து, அம்மாவிடம் கொடுத்துப் பொரிக்கச் சொல். உண்டுவிட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்க மறவாதே."

சென்ற வாரம் தாயிடமிருந்து பதில் வந்தது. கோழி வீட்டிலேயே இருக்கிறதாம். பழுப்பு முட்டை தனக்கு மட்டும் என்று பையன் பென்சிலால் தன் பெயரை எழுதிவைக்கிறானாம்.

பெற்றோரே, உங்கள் வீட்டில் நீங்கள் எதிர்பார்த்த நிறத்தில் அமையாத பிள்ளை எவரேனும் உண்டா? இந்த ஞாயிறு பூசைக்குப் பின் அப்பிள்ளையை உங்கள் பக்கத்தில் அமர்த்தி, உங்கள் கையால் சோறு பரிமாறுங்கள். அறிவுரை அன்று வேண்டா. பிள்ளை தொலைவில் இருந்தால், இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். மருத்துவமனைக் கட்டில்வரை காத்திருக்க வேண்டாம். நாம் காத்திருந்தோம், அது நல்லதன்று என்று அறிந்தே சொல்லுகிறோம்.